ஆனி முடியாத ஊர்

முள்ளிக்கரை ஜங்ஷனில் மூன்று தண்டவாளங்கள் வந்து சேர்கின்றன. ஆனால் ஒரு ரயிலும் அங்கே ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால் உலகத்தில் நடக்கிற எதுவும் அந்த ஊரில் இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும் என்று ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில்தான் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கச்சேரி ஆரம்பித்தது. ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான், முடியவே இல்லை.

கச்சேரியை ரயில்வே காலனி இன்ஸ்டிட்யூட் ஹாலில் வைத்தார்கள். ஹாலின் பால்கனி ஆடுகிறது, உள்ளே கூட்டம் சேரக் கூடாது என்று ஒரு இன்ஜினியர் கதவில் எழுதி ஒட்டியிருந்ததால், வாசிப்பவர்கள் மட்டும் உள்ளே, கேட்பவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில் போனைத் தம்ளர்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு லைவில் பார்ப்பது என்று ஏற்பாடு. கல்யாண வீடியோ எடுக்கும் பர்வீன் தன்னுடைய கேமராவை முக்காலியில் ஏற்றி, “யாரும் தும்மக் கூடாது, தும்மினா எடிட் பண்ண முடியாது, இது லைவ்” என்று வாசிப்பவர்களையே மிரட்டி வைத்திருந்தாள்.

வாசித்தவர்கள் மூன்று பேர். வயலினில் அபரஞ்சி, காலையில் ரயில்வே பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், அப்போது நிறைமாதம். வளைகாப்பில் போட்ட வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறியிருந்தன. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது என்பதால் வில்லை இழுத்தால் ‘சலக்’, தள்ளினால் ‘சலசலக்’. உறுமியில் கொப்பையா, பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஊர்க்கோயில் கொடையில் அவர் உறுமியைத் தேய்த்தால் சாமி வராதவர்களுக்கும் சாமி வரும். சாக்ஸபோனில் மெல்வின் ரொசாரியோ. கூட்ஸ் வண்டி ஓட்டி ரிட்டையரான காலனிக்காரர், ஜாஸ் தவிர மற்றதெல்லாம் சத்தம் என்று ஒரு காலத்தில் சொன்னவர், அபரஞ்சியின் வயலினை ஜன்னல் வழியாகக் கேட்ட பிறகு “இதுவும் சத்தம்தான் மேன், ஆனா நல்ல சத்தம்” என்று வந்து சேர்ந்தவர்.

ஒத்திகையின்போது மூவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனது, முடிப்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. மங்களம் பாடாமல் கச்சேரி முடியாது என்றாள் அபரஞ்சி. ஆரம்பித்த மெட்டுக்கே திரும்பி வந்து அங்கே நிறுத்த வேண்டும், அதுதான் முறை என்றார் மெல்வின். “ரெண்டு பேரும் சொல்றது சரிதேன் தாயி,” என்றார் கொப்பையா. “ஆனா எறங்குனது எதுவா இருந்தாலும் அத மலையேத்தி உடணும். ஏத்தாம உட்டா ஊருக்குள்ளயே சுத்தும்.” கடைசியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. மத்யமாவதியில் மங்களத்தை அபரஞ்சி வாசிக்க வேண்டியது, அதன் கடைசி ஸ்வரமான ஸட்ஜத்தை மட்டும் அவள் வாசிக்காமல் மெல்வினுக்குக் கொடுத்துவிட வேண்டியது, அவர் அதை ஊதும் அதே நொடியில் கொப்பையா மலையேற்றும் அடியை அடிக்க வேண்டியது. ஒரே ஸ்வரத்தில் மூன்று முடிவு. கை கொடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் டோரின் ஒருத்தி இருந்தாள். மெல்வினின் மனைவி. வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காகிதமெல்லாம் வந்து, டிக்கெட்டும் வந்துவிட்டது. மெல்வின் வர மாட்டேன் என்றார். “அங்க எனக்கு என்ன மேன் இருக்கு? இங்க எனக்கு ஒரு ஹால் இருக்கு.” டோரின் சண்டை போடவில்லை. “சரி, நீ ஹாலக் கட்டிக்கிட்டு இரு. உன் கச்சேரி முடிஞ்ச நிமிஷம் நான் ஆட்டோல ஏறுவேன்” என்றாள். டோரின் சொன்னால் சொன்னதுதான் என்பது முள்ளிக்கரையில் மணியடித்துத் தெரிவிக்க வேண்டாத விஷயம். கொப்பையாவின் ஆட்டோவையே பேசி வைத்து, இரண்டு பெட்டிகளையும் அதில் ஏற்றி, ஹாலுக்கு வெளியே ஜன்னலுக்கு நேராக நீலப் பூப்போட்ட கவுனில் கைப்பையோடு நின்றாள். நின்றபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எந்தக் கச்சேரியிலும் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவது அவள் வழக்கம், அதை வைத்துத்தான் காலனியில் பாதிப் பேர் “டோரின் எழுந்தாச்சு, செருப்பைத் தேடுங்க” என்பார்கள்.

கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்டால், வயலின் ஒரு கேள்வி கேட்க சாக்ஸபோன் அதற்கு வேறு கேள்வியைப் பதிலாகச் சொல்ல இரண்டுக்கும் நடுவில் உறுமி ‘உம்ம்ம்’ என்று பெரிய மனுஷன் மாதிரி முனக, போன் திரையில் ‘சூப்பர்க்கா’ என்றும் ‘சவுண்டு பத்தல’ என்றும் ‘துபாய்லேர்ந்து பாக்குறேன், ஆபீஸ்ல இருக்கேன், யாரும் சொல்லிறாதீங்க’ என்றும் ‘அந்த வளையலக் கழட்டச் சொல்லுங்கப்பா’ என்றும் ‘புள்ளத்தாச்சி வளையலக் கழட்டச் சொல்ற நீ எந்த ஊருய்யா’ என்றும் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்க, வயிற்றுக்குள்ளிருந்த பிள்ளை உறுமிக்குத் தப்பாமல் தாளம் போட, மங்களம் வந்தது. அபரஞ்சி கடைசிக்கு முந்தின ரிஷபத்தில் வந்து வில்லை நிறுத்திக்கொண்டு ஸட்ஜத்துக்காகக் காத்திருந்தாள். கொப்பையா குச்சியை ஓங்கினார். மெல்வின் மூச்சை இழுத்தார், ஜன்னல் பக்கம் பார்த்தார், ஆட்டோவையும் பெட்டிகளையும் நீலக் கவுனையும் பார்த்தார். இழுத்த மூச்சை ஊதவில்லை. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, “நல்லா இருந்துச்சு மேன், எல்லாருக்கும் தேங்க்ஸ்” என்று எழுந்தார்.

கொப்பையாவின் குச்சி ஓங்கிய இடத்திலேயே நின்றது.

பர்வீன் லைவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. கேமராவை அணைத்தாள், ஒயரைப் பிடுங்கினாள், பாட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. காலியான ஹாலும் மூன்று நாற்காலியும் சுற்றும் மின்விசிறியும் ஊரிலிருந்த எல்லாப் போனிலும் தெரிந்துகொண்டே இருந்தன. கச்சேரி முடியவில்லை, அவ்வளவுதான். டோரினும் ஆட்டோவில் ஏறவில்லை, ஏனென்றால் கச்சேரி முடியவில்லை.

மறுநாள் காலையில் ஊரில் வேறு எதுவும் முடியவில்லை என்பது தெரிந்தது.

பெருமாள் கோயில் தெருக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டான், மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய அவன் தங்கை போட்டுக்கொண்டே இருந்தாள், முடிச்சு விழவில்லை. கெட்டிமேளம் அடித்தவர்கள் கை ஓய்ந்து, பந்தி நடந்து, பாயசமும் வந்து, எல்லார் இலையிலும் கடைசி வாய்ப் பாயசம் மட்டும் மிச்சம் நின்றது. மைதானத்தில் கடைசிப் பந்துக்கு நாலு ரன் என்றிருந்தபோது அடித்த பந்து உயரே போனது, இறங்கவில்லை. சாந்தா மெஸ்ஸில் குக்கர் இரண்டு விசில் விட்டுவிட்டு மூன்றாவதற்கு வாயைத் திறந்தபடி இருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த அக்கா தங்கைகள் “சரி வச்சிரவா?” “சரி வையி.” “அப்புறம்?” “அப்புறம் என்ன, வேற ஒண்ணுமில்ல.” “சரி வச்சிரவா?” என்பதிலேயே நின்றார்கள், ஆனால் அது முன்பும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அபரஞ்சியின் கணவன் நல்லதம்பி ஸ்டேஷனில் மைக் பிடிக்கிறவன். அவன் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து…” என்று ஆரம்பிப்பான், ‘சேரும்’ என்ற வார்த்தை வாயில் வராது. மைக்கைப் பாதியில் வைப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவன், அதனால் வண்டி வருகிற வரைக்கும் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தான். “முதலாவது நடைமேடைக்கு வந்து, அப்படியே, இன்னைக்கு எங்க வீட்டுல காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிட்டா, சட்னி வேண்டாம்னுட்டா, கால் கொஞ்சம் வீங்கியிருக்கு…” பிளாட்பாரத்தில் நின்ற பெண்கள் கீழேயிருந்து “பார்லித் தண்ணி குடிக்கச் சொல்லுப்பா!” என்று கத்த, “பார்லித் தண்ணி குடிக்கச் சொல்லி ஒரு பயணி அறிவுறுத்துகிறார்” என்று அதையும் மைக்கில் சொன்னான்.

தினத்தாள் காலண்டரில் ஆனியின் கடைசித் தாளைக் கிழித்தால் அதற்குக் கீழேயும் ஆனிதான் இருந்தது. ஆனி முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று எண் மட்டும் ஏறியது. ஆடி வருகிற வழியாகத் தெரியவில்லை.

முள்ளிக்கரைக்காரர்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. கல்யாணப் பெண்ணின் கழுத்துக் கயிற்றைப் பின்னாலிருந்து பிடித்தபடியே நாத்தனாரும், பக்கத்தில் மாப்பிள்ளையும், மூன்று பேரும் வரிசையாகச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவது இரண்டொரு நாளில் பழகிப்போனது. “நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இப்படி ஒரு ஒட்டுதலை நான் பார்த்ததில்லை” என்று மாமியார்கள் பொறாமைப்பட்டார்கள். மைதானத்தில் பந்துக்குக் கீழே கையேந்தி நின்றவனுக்கு அவன் அம்மா சாப்பாடு ஊட்டினாள், பிறகு அவன் வீட்டில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் முறை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாசக் கடைசியில் ரிட்டையராக வேண்டிய ஹெட்மாஸ்டர் அருமைநாயகம் மாசக் கடைசி வராததால் தினமும் சலவைச் சட்டையில் உற்சாகமாகப் பள்ளிக்கூடம் வந்தார். பிள்ளைகளுக்குக் கடைசி மணி அடிக்காததால் அவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எழுந்து போகக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் காலி ஹாலை யாரும் போனிலிருந்து அணைக்கவில்லை. அணைத்தாலும் அணையாது என்பது ஒரு பக்கம், அணைக்க மனசில்லை என்பது இன்னொரு பக்கம். விளக்கேற்றி வைக்கிற மாதிரி அது எல்லா வீட்டிலும் தம்ளர்மேல் சாய்ந்திருந்தது. ஒரு பூனை வந்து கொப்பையாவின் நாற்காலியில் படுத்தால் ‘பூனை வந்தாச்சு, குட் மார்னிங்’ என்று எழுதினார்கள். துபாய்க்காரர் ‘இன்னும் பாக்குறேன், ஆபீஸ்ல தெரிஞ்சுபோச்சு, அவங்களும் பாக்குறாங்க’ என்று எழுதினார். உற்றுக் கேட்டால் அந்த ஹாலுக்குள் மெல்வின் இழுத்துப் பிடித்த மூச்சு மட்டும் லேசாகக் கேட்டது. ஊருக்கே அது பிடித்திருந்தது.

டோரின் மெல்வின் வீட்டு வாசலில், பெட்டிகளோடு அங்கே தள்ளி வந்து நிறுத்திய ஆட்டோவுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை. கிளம்பியவள் கிளம்பியவள்தானே. அவளுடைய விமான டிக்கெட்டில் தேதி தானாகவே அன்றன்றைக்கு மறுநாளாக மாறிக்கொண்டது. மெல்வின் காலையும் மாலையும் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்ட டீயை அவள் இத்தனை வருஷத்தில் குடித்ததே இல்லை, சர்க்கரை தூக்கல் என்று திட்டிக்கொண்டே குடித்தாள், கடைசி மடக்கு மட்டும் குடிக்க வரவில்லை. அந்தத் தெருவில் போகிறவர்கள் இருவரையும் பார்த்து மெதுவாக நடந்தார்கள்.

எல்லாருக்கும் சரியாக இருந்தது, அபரஞ்சி ஒருத்தியைத் தவிர.

பத்தாம் மாதம் முடியவில்லை. ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, “குழந்தை நல்லாத்தான் இருக்கு. மாசம் முடிஞ்சாத்தானேம்மா வலி வரும்? மாசம் முடியலையே, நான் என்ன செய்ய?” என்றார். ஊசி போட்டுப் பார்த்தார்கள், மருந்து அதன் கடைசிச் சொட்டை இறக்காமல் நின்றுகொண்டது. ஆபரேஷன் என்று யோசித்து, “ஆரம்பிச்சா முடிக்க முடியணுமே” என்று டாக்டரம்மாவே கையை எடுத்துக்கொண்டார். அபரஞ்சி மல்லாந்து படுக்க முடியாமல், ஒருக்களிக்க முடியாமல், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒன்றிரண்டு வளையல்கள் விரிசல் விட்டன. அந்த ஸட்ஜத்தை நானே வாசித்துவிட்டால் என்ன என்று ஒருநாள் வயலினை எடுத்தாள். ரிஷபம் வரைக்கும் வில் வழுக்கிக்கொண்டு வந்தது, அதற்குக் கீழே கம்பி ஊமையாக இருந்தது. கொடுத்துவிட்ட ஸ்வரம். அது இப்போது அவளுடையது இல்லை.

ஆனி நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு தேதியில் இடுப்பைப் பிடித்தபடி மெல்வின் வீட்டுக்குப் போனாள். வாசலில் டோரின் தன் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தாள்.

“ஆன்ட்டி, அங்கிள்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“எங்கிட்டயே சொல்லு, அவனுக்குக் காது கேக்காது, வேணும்கிறப்ப.” டோரின் உள்ளே பார்த்துக் கத்தினாள். “மெல்வின்! பொண்ணு வந்திருக்கு!”

மெல்வின் டீத் தம்ளரோடு வந்தார். அபரஞ்சியின் வயிற்றைப் பார்க்காமல் அவள் தலைக்கு மேலிருந்த முருங்கை மரத்தைப் பார்த்தார்.

“அங்கிள், அந்த ஒரு ஸ்வரம். ஊதிடுங்க அங்கிள்.”

“ஊதலாம்னு எடுத்தேன் மை கேர்ள், தினமும் எடுக்கறேன். வர மாட்டேங்குது. அது எங்கிட்ட இல்ல மேன்.”

“உங்கிட்டதான் இருக்கு,” என்றாள் டோரின். “வாய்க்குள்ள. கொழந்தைங்க மாத்திரைய ஒதுக்கி வச்சுக்குமே, அந்த மாதிரி.”

“நீ சும்மா இரு டோரின்.”

“நான் சும்மாதான் உக்காந்திருக்கேன், ரோட்டுல!”

மெல்வின் தம்ளரைத் திண்டாட்டமாகக் கையில் திருப்பினார். “முடிஞ்சா போயிடுவா,” என்றார் அபரஞ்சியிடம், டோரின் பக்கத்தில் இல்லாத மாதிரி. “முடியற வரைக்கும் இங்க இருப்பா. சர்க்கரை தூக்கல்னு திட்டுவா. எனக்கு அது போதும் மேன்.” பிறகு அவரே வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்.

டோரின் கைக்குட்டையை எடுத்து அபரஞ்சியின் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஊர் மெல்வின் பக்கம் நின்றது. அபரஞ்சியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் பிரியமாகத்தான் சொன்னார்கள். “பாவம் அந்த மனுசன், வயசான காலத்துல. புள்ள எங்க போவுது, வயித்துல பத்திரமாத்தான இருக்கு.” ஹெட்மாஸ்டர் அருமைநாயகம் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, “பொறுத்தார் பூமியாள்வார்னு நான் சொல்ல வரல டீச்சர், ஆனா கொஞ்சம் பொறுங்களேன்” என்றார். நாத்தனார்க்காரி கயிற்றைப் பிடித்தபடியே, “இருக்கட்டுமேக்கா, இப்ப என்ன கெட்டுப்போச்சு?” என்றாள். ஒவ்வொருவருக்கும் முடியாமல் இருப்பதில் ஏதோ ஒன்று இருந்தது. அபரஞ்சி எல்லாருக்கும் தலையாட்டினாள். ஊர் முழுக்க ஒரு பக்கம், தன் வயிறு மட்டும் ஒரு பக்கம் என்றால் எந்தப் பக்கம் கனம் என்று கணக்கு டீச்சருக்கு விடை தெரிந்துதான் இருந்தது.

பிறகு ஒருநாள் காலை, பாசஞ்சர் வண்டி வருகிற நேரம். நல்லதம்பி மைக்கைப் பிடித்தான்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து… வந்து… எங்க பிள்ளை நேத்து மத்தியானத்துலேர்ந்து அசையல.”

பிளாட்பாரத்தில் யாரும் கீழேயிருந்து கத்தவில்லை.

“டாக்டரம்மா கேட்டாங்க. துடிப்பு இருக்குன்னாங்க. மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்காம். எவ்வளவு நேரம் புடிக்க முடியும்னு அவங்களுக்குத் தெரியல. பெரியவங்களுக்கே கஷ்டம். வண்டி வந்துக்கிட்டிருக்கு. வண்டி… வந்து…”

ஸ்டேஷன் ஒலிபெருக்கி காலனி வரைக்கும், சந்தை வரைக்கும், மைதானம் வரைக்கும் கேட்கும். கத்தரிக்காயைக் கையில் எடுத்தவர்கள் எடுத்தபடி நின்றார்கள். பந்துக்குக் கீழே நின்றவன் ஏந்திய கையைப் பார்த்தான், இத்தனை நாளும் இது எதற்காக என்று முதல் தடவையாக யோசித்தவன் மாதிரி.

அதே நேரத்தில் எல்லா வீட்டுத் தம்ளர்மேலும் சாய்ந்திருந்த போன்களில், காலி ஹாலுக்குள் அபரஞ்சி நடந்து வந்தாள். பூனையைத் தட்டி எழுப்பாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயலினை வயிற்றுக்கு மேலே இடம் பார்த்துச் சாய்த்து மத்யமாவதியை எடுத்தாள், ரிஷபம் வரைக்கும் வந்தாள், நிறுத்தினாள். யாரையும் கூப்பிடவில்லை, கேமராவைப் பார்க்கவும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வாசித்து ரிஷபத்துக்கு வந்து நிறுத்தினாள். மறுபடியும். வளையல் சத்தம் மட்டும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் ஓடி அடங்கியது. எழுத்துகள் ஓடும் இடத்தில் ஒரு எழுத்தும் ஓடவில்லை.

முதலில் வந்தவர் கொப்பையா, உறுமியைத் தோளில் மாட்டியபடி. பின்னாலேயே ஊர் வந்தது. உள்ளே விடக் கூடாது என்பதால் ஜன்னல்களில் அப்பிக்கொண்டது, ஒவ்வொருவர் கையிலும் போன், போனுக்குள் அதே ஹால். கடைசியாக மெல்வின் வந்தார், சாக்ஸபோன் பெட்டியோடு. டோரின் ஆட்டோவை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, பழையபடி ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டாள்.

மெல்வின் சாக்ஸபோனை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் உப்பியது, காது சிவந்தது, சத்தம் வரவில்லை. “பாரு மேன்,” என்றார் அழாத குறையாக. “நான் பொய் சொல்லல.”

“தெரியும்ணே,” என்றார் கொப்பையா. “இது உங்க கையில இல்ல. எறங்கி உக்காந்திருக்கு. அது தானாப் போவாது, கேட்டுத்தேன் அனுப்பணும்.” அவர் வளைந்த குச்சியால் உறுமியின் தோலைத் தேய்க்கத் தொடங்கினார். ‘உம்ம்ம்’ என்று அது எழுந்தது, பால்கனி லேசாக நடுங்கியது, பூனை எழுந்து நின்றது. கோயில் கொடையில் சாமியிடம் கேட்கிற குரலில், அதே மிரட்டலும் அதே கெஞ்சலுமாக, கொப்பையா மெல்வினைப் பார்த்துக் கேட்டார். “சொல்லு. என்ன கொற? எலுமிச்சம்பழமா? சுருட்டா? சாராயமா? என்ன கொடுத்தா ஏறுவ? ஊரே நிக்கிது, சொல்லு!”

காலனிக்காரர் மெல்வின் ரொசாரியோ, ஞாயிறு தவறாமல் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். “எனக்கு ஒண்ணும் வேணாம் மேன்.”

“சொல்லு!”

“ஒண்ணும்…”

“சொல்லுங்க அங்கிள்,” என்றாள் அபரஞ்சி மெதுவாக.

மெல்வின் ஜன்னலைப் பார்த்தார். “இருபது வயசுலேர்ந்து ஊதுறேன் நான், இதே ஹால்ல,” என்றார். “கிறிஸ்துமஸ் டான்ஸ், ஈஸ்டர் டான்ஸ், எல்லாத்துக்கும் ஊதியிருக்கேன். இவ ஒரு தடவகூட என் கடைசி நோட்டக் கேட்டதில்ல. ஒரு தடவ! கண்ணத் தொறந்து பாத்தா அவ நாற்காலி காலியா இருக்கும். இனிமே எப்பக் கேப்பா?”

“சோறு யாரு மேன் வைப்பா?” என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து டோரின் கத்தினாள். “கச்சேரி முடிஞ்சு பசி பசின்னு வருவியே, மஞ்சள் சோறும் கோஃப்தாக் கொழம்பும் யாரு வைப்பா, உங்க அம்மாவா?”

“பசி கெடக்கட்டும் மேன்!” மெல்வினும் கத்தினார். “யாரு சோறு கேட்டது!”

“நீதான் கேட்ட!”

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. இத்தனை காலமும் அவள் எழுந்து போனதை வைத்துச் செருப்புத் தேடியவர்கள் அதற்குக் காரணம் மஞ்சள் சோறு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். மெல்வினும் அப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி நின்றார்.

டோரின் கதவில் ஒட்டியிருந்த இன்ஜினியரின் எச்சரிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஓரத்திலிருந்த ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள், கைக்குட்டையால் தட்டினாள், உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஊது மேன்.”

அபரஞ்சி மங்களத்தை எடுத்தாள். மெல்வின் கூடச் சேர்ந்துகொண்டார், சத்தம் வந்தது, அவருக்கே நம்ப முடியவில்லை. அவர் நேராக வரவில்லை. கிறிஸ்துமஸ் டான்ஸ் வழியாகப் போனார், ஈஸ்டர் வழியாகத் திரும்பினார், கூட்ஸ் வண்டி மேட்டில் ஏறும் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றார், உறுமி அவரைப் பின்னாலிருந்து தள்ளியது, வயலின் முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தது. முடிவுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு வளைவு வந்தது. அந்த வளைவில் டோரினின் கை தன்னால் கடிகாரத்துக்குப் போனது, கால் தன்னால் ஊன்றியது, இத்தனை வருஷத்துப் பழக்கத்தில் உடம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தது. ஜன்னல்களில் ஊர் மூச்சை நிறுத்தியது. மெல்வின் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

டோரின் பாதி எழுந்த இடத்தில் ஒரு கணம் நின்றாள். கைப்பையைச் சரிசெய்துகொண்டாள். உட்கார்ந்தாள்.

அபரஞ்சி ரிஷபத்தில் வில்லை நிறுத்தினாள். மெல்வின் கண்ணைத் திறந்தார், நாற்காலியைப் பார்த்தார், ஸட்ஜத்தை ஊதினார். கொப்பையாவின் அடி அதன் தலையில் சரியாக விழுந்தது.

பெரிய ஸ்வரம் ஒன்றுமில்லை. ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி இருந்தது.

சிவப்புப் புள்ளி அணைந்தது. மைதானத்தில் பந்து இறங்கியது, ஏந்த வேண்டியவன் ஜன்னலில் நின்றதால் தரையில் விழுந்து உருண்டது. சாந்தா மெஸ்ஸில் மூன்றாவது விசில் அடித்தது. நாத்தனார் கையில் முடிச்சு விழுந்தது, இறுகியது, அவள் கயிற்றை விட மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் நல்லதம்பியின் குரல் “சேரும்! சேரும்! சேரும்!” என்று மூன்று தடவை கத்தியது. அருமைநாயகம் சலவைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். வளையல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாகச் சலசலக்க, அபரஞ்சி வயலினைக் கொப்பையாவிடம் நீட்டிவிட்டு இடுப்பைப் பிடித்தாள்.

“அண்ணே, ஆட்டோ.”

இருந்ததோ ஒரே ஆட்டோ. சொன்ன சொல்படி கச்சேரி முடிந்த அதே நிமிஷம் டோரின் அதில் ஏறினாள். அபரஞ்சியைத் தோளில் சாய்த்து ஏற்றிக்கொண்டு ஏறினாள். பெட்டிகள் இரண்டையும் மெல்வின் இறக்கித் தலைக்கு ஒன்றும் கைக்கு ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோவின் பின்னால் ஓடினார். ஊர் அவர் பின்னால் ஓடியது. “மெதுவாப் போ மேன், பள்ளம்!” என்று டோரின் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்டது.

பிள்ளை பிறந்தது, பெண். ஸட்ஜத்திலும் சேராமல் ரிஷபத்திலும் சேராமல் தனக்கென்று ஒரு சுருதியில் வீறிட்டது. அத்தனை நாள் மூச்சுப் பிடித்ததற்கெல்லாம் சேர்த்து அது அழுதபோது காலண்டரில் ஆடி ஒன்று என்று இருந்தது. பிரசவம் பார்த்த நர்ஸுக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்த அபரஞ்சி, அதில் இரண்டை எடுத்து டோரினிடம் நீட்டினாள். டோரினின் கையில் அவை நுழையவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்கால வண்டியில் டோரின் போனாள். மெல்வின் பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசி மடக்கையும் குடித்தாள். “சர்க்கரை தூக்கல்” என்றாள். வண்டி ஐந்து நிமிஷம்தான் நிற்கும், நின்றது, கிளம்பியது.

இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு இன்ஸ்டிட்யூட் ஹாலில் கச்சேரி, உள்ளே மூன்று பேரும் கேமராவோடு பர்வீனும் ஒரு பூனையும், தொட்டிலுக்குப் பதிலாக வயலின் பெட்டிக்குள் தூங்கும் ஒரு குழந்தையும். ஊர் முழுக்கப் போனைத் தம்ளர்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்கிறது, துபாய் ஆபீஸ் கேட்கிறது, பெர்த்தில் ஒரு வீடு கேட்கிறது, எழுத்துகள் ஓடுகின்றன. மங்களம் ஆரம்பித்து, முடிவுக்கு முந்தின அந்த வளைவு வரும்போது, யாரும் யாருக்கும் சொல்லாமல், சந்தைத் தெருவிலும் பெருமாள் கோயில் தெருவிலும் காலனியிலும் ஒவ்வொரு வீடாகப் போனை அணைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடுகிறார்கள். திரையின் மூலையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. அபரஞ்சி ரிஷபத்தில் வில்லை நிறுத்தி மெல்வினைப் பார்க்கிறாள். மெல்வின் பர்வீனைப் பார்க்கிறார்.

“ஒண்ணு இருக்கு அங்கிள்,” என்கிறாள் பர்வீன். “ஒண்ணே ஒண்ணு.”

மெல்வின் மூச்சை இழுக்கிறார். ஊதுகிறார்.